சீவுளியின் முகத்தில் ஒரு பெயர்



சென்ற தவணையில் உயர்தர வகுப்புக்குப் புறநானூற்றின் 87ஆம் பாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அதியமானின் வலிமையைப் பகைவருக்கு எடுத்துரைக்கும் ஒளவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்து முடிக்கவல்ல தச்சன் ஒருவன் ஒரு மாதகாலம் கருத்தூன்றிச் செய்த ஒரேயொரு தேர்ச்சக்கரத்தை அவனுக்கு உவமையாக்குகின்றார். உவமையின் நயத்தை நான் விரித்துக்கொண்டிருந்த வேளையில் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், அந்தத் தச்சன்ர பேர் என்ன?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்து, உவமையில் வருகின்ற தச்சனுக்குப் பெயர் எதற்கு என்று கூறி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். அவன் குறும்புக்காகக் கேட்டானா, அறியத்தான் கேட்டானா என்பதை நான் விசாரிக்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்து கோடிப்புறக் கொட்டிலுக்குள் புகுந்தபோது அந்தக் கேள்வியும் என்னோடு கூட வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் நிறுத்துவதற்கென்று இறக்கிய கொட்டில் அது. சில ஆண்டுகளாக அதன் பாதியை ஒரு பழைய மேசையும் நாலைந்து உளிகளும் இரண்டு வாள்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தமிழ் வாத்தியாருக்குத் தச்சுவேலை எதற்கென்று என் மனைவி கேட்பதுண்டு. இற்றைவரை அவருக்குத் திருப்தியான விடை என்னிடம் இல்லை. அன்று மேசைமேல் கிடந்தது பாதி முடிந்த ஒரு சீவுளி. மரத்தைச் சீவுகின்ற கருவியையே மரத்தாற் செய்ய முயன்றுகொண்டிருந்தேன்.

சீவுளி என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். சீவுகின்ற உளி. தமிழ்நாட்டார் இழைப்புளி என்பர், அதுவும் உளிதான். வெறும் உளியைக் கையிற் பிடித்துப் பலகையைச் சீவினால் அது மரத்தின் நாரோடு ஓடி, நாம் நினையாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அதே உளியை ஒரு கட்டைக்குள் சாய்த்து வைத்து, ஆப்பிட்டு இறுக்கி, கட்டையின் அடியால் மயிரிழையளவு மட்டும் வெளியே நீளவிட்டால் அது ஆழப்போக முடியாது. கட்டையின் தட்டையான அடி அதைத் தடுத்துவிடும். மேடு சீவப்பட்டுப் பள்ளம் தப்பும். சிறிது நேரத்திற் பலகை மட்டமாகும். கடிவாளமிட்ட உளி என்று இதனைச் சொல்லலாம். சொல்லை ஆக்கியவர்கள் கருவியைக் கையாண்டவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

கருவி பழையது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்த பொம்பேயி நகரத்தின் இடிபாடுகளில் சீவுளிகள் கிடைத்தன. ஜேர்மானிய ஓவியர் அல்பிரெக்ற் டியூரர் 1514இல் செப்புத்தகட்டிற் செதுக்கிய 'மெலன்கோலியா' என்ற புகழ்பெற்ற சித்திரத்தில், கன்னத்திற் கைவைத்துச் சோர்ந்திருக்கும் சிறகுள்ள உருவத்தின் காலடியில் ஒரு சீவுளி கிடக்கின்றது. 1545இல் மூழ்கிப்போன 'மேரி றோஸ்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட தச்சுக்கருவிகளுள்ளும் சீவுளிகள் இருந்தன.

இவற்றையெல்லாம் செய்தவர் யார்? பெரும்பாலும் இவற்றைப் பயன்படுத்தியவரே. அலகைக் கொல்லரிடம் வாங்குவது, உடலைத் தன் வீட்டுப் பட்டறையில் தானே செய்துகொள்வது என்பதே நெடுங்கால வழக்கம். சீவுளி செய்வதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தெளிவாகத் தென்படுகின்றனர். 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின் இலண்டன் நகரம் மீளக் கட்டப்பட்டது. கதவிலும் யன்னலிலும் சுவரின் மேல்விளிம்பிலும் வரம்பும் குழிவுமாக அலங்காரம் இழுப்பது செல்வரின் மோகமாயிற்று. ஒவ்வோர் அலங்காரத்துக்கும் அதற்குரிய வளைவைக் கொண்ட தனிச் சீவுளி வேண்டும். ஒரு தச்சரின் பெட்டிக்குள் பத்து, இருபது என்று அவை பெருகின. அத்தனையையும் அவரே செய்துகொண்டிருக்க நேரம் ஏது? விலைக்கு வாங்கத் தொடங்கினார். விற்பனைக்கென்று செய்தவர்கள் தம் பெயரை இரும்பு முத்திரையில் வெட்டுவித்து, சீவுளியின் முன்முகத்தில் வைத்துச் சம்மட்டியால் அடித்துப் பதித்தார்கள். தள்ளும்போது எதிரே இருப்பவரின் கண்ணிற் படுகின்ற அந்தச் சின்னஞ்சிறு மரமுகத்திலேதான் நான் இன்று சொல்லவந்த கதை இருக்கின்றது.

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்குத் தென்மேற்கே றெந்தம் என்றோர் ஊர் உண்டு. 1728ஆம் ஆண்டளவில் பிரான்சிஸ் நிக்கல்சன் என்பவர் அங்கு குடியேறிச் சீவுளி செய்தார். பிரித்தானியரின் அமெரிக்கக் குடியேற்றங்களில் இத்தொழில் செய்தவராக இற்றைக்கு அறியப்படுபவர்களுள் அவரே காலத்தால் முந்தியவர். அவருடைய மகன் யோனும் அதே தொழிலைக் கற்றார். அவர்களுடைய பட்டறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். சீசர் செலர். ஆபிரிக்க வழிவந்தவர். ஏறக்குறைய 1720இல் பிறந்தவர். நிக்கல்சனின் அடிமை.

அமெரிக்க அடிமைமுறை என்றால் தெற்கே பருத்தித் தோட்டமும் சாட்டையும் என்றே நாம் படித்திருக்கின்றோம். வடக்கேயும் அது இருந்தது. 1641ஆம் ஆண்டிலேயே மசாசுசெற்ஸ் அதற்குச் சட்டத்தில் இடங்கொடுத்திருந்தது. அங்கே அடிமைகள் வீட்டுவேலை செய்தார்கள், துறைமுகத்திற் சுமை இறக்கினார்கள், கைவினைஞரின் பட்டறைகளில் உளி பிடித்தார்கள். 'சீசர்' என்ற பெயரைக் கவனியுங்கள். உரோமப் பேரரசரின் பெயர். அடிமைகளுக்கு இத்தகைய பெரும் பெயர்களைச் சூட்டுவது அக்கால எசமானர்களின் வழக்கம். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாதவனைச் சீசர் என்று அழைப்பதில் அவர்கள் என்ன சுவை கண்டார்களோ!

அந்தப் பட்டறையில் நடந்த வேலை இலேசானதன்று. பெரும்பாலும் மஞ்சள் பேர்ச் என்ற மரத்தையே பயன்படுத்தினர். அது காய்வதற்கே ஆண்டுகள் வேண்டும். காயாத மரத்திற் செய்த சீவுளி பின்னர் முறுகி அடி வளைந்துவிடும். அடி வளைந்த சீவுளி விறகுக்குத்தான் ஆகும். நன்கு காய்ந்த கட்டையை வளையங்களின் போக்குப் பார்த்துத் தறித்து, பத்து அங்குலம் மட்டில் நீளமாக்கிச் சதுரம் பிடிப்பார்கள். பின்னர் அலகும் ஆப்பும் இருப்பதற்கான சாய்வான துளையை மேலிருந்து உளியால் இறக்குவார்கள். அலகு படுக்கின்ற சாய்தளம் ஒரே சீராக இருக்கவேண்டும். எங்கேனும் ஒரு புள்ளி எழுந்து நின்றாலும் அலகு வேலையின்போது அதிரும். அதிர்ந்தால் பலகையில் வரிவரியாகத் தழும்பு விழும். இந்த இருட்டுத் துளைக்குள்ளே உளி திரும்பாது. அகன்ற பற்களைக் கொண்ட, கத்திபோல் நீண்ட ஓர் அரத்தை உள்ளே விட்டுத் தடவித் தடவிச் சுரண்டவேண்டும். கண்ணைவிட விரல்நுனியே இங்கு வேலை செய்கின்றது.

அலங்காரச் சீவுளியாயின் இன்னுமொரு சங்கதி உண்டு. அதன் அடி தட்டையாக இராது; வளைந்தும் நெளிந்தும் இருக்கும். அந்த வளைவை எதனால் உருவாக்குவது? அதற்கு நேர் எதிரான வளைவைக் கொண்ட வேறொரு சீவுளியால். அதனைத் தாய்ச் சீவுளி என்கிறார்கள். தாய் குழிந்திருந்தால் பிள்ளை புடைத்திருக்கும். பட்டறைக்குப் பட்டறை தாய்ச் சீவுளிகள் வேறுபடுமாதலால், பழஞ்சீவுளிகளை ஆராய்கின்றவர்கள் வளைவை வைத்தும், ஆப்பின் தலையிலுள்ள உருட்டை வைத்தும், விளிம்புகளைச் சரித்திருக்கும் விதத்தை வைத்தும் அது எந்தப் பட்டறையின் வழி வந்தது என்று சொல்லிவிடுகின்றனர். எழுத்தின் வரிவடிவம் பார்த்துக் கல்வெட்டுக்குக் காலம் சொல்வதைப் போன்றதுதான் இதுவும்.

கூரையோரத்து அகன்ற அலங்காரங்களுக்கான பெருஞ்சீவுளிகளும் றெந்தத்திற் செய்யப்பட்டன. அவற்றைத் தனியொருவராற் தள்ள இயலாது. பின்னாலிருந்து ஒருவர் தள்ள, முன்னாலிருந்து இன்னொருவர் கயிறு கட்டி இழுப்பார். இழுப்பவர் அநேகமாக வேலை பழகும் பையனாகவோ அடிமையாகவோ இருந்திருப்பார்.

செலர் இத்தொழிலில் நிக்கல்சனுக்கு நிகராகத் தேறினார். நிக்கல்சனின் முத்திரையோடு இன்று கிடைக்கின்ற சீவுளிகளிற் சில உண்மையிற் செலரின் கையால் ஆனவையாக இருக்கலாமென ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். இருக்கலாமென்ன, எப்படி இல்லாமற் போகும்? ஆண்டுக்கணக்காக அந்தப் பட்டறையில் நின்றவர் அவர். ஆனால் எது அவருடையது என்று பிரித்தெடுக்க வழியில்லை. முத்திரை எசமானனுடையது.

1753இல் நிக்கல்சன் இறந்தார். அவருடைய மரணசாசனம் செலருக்கு விடுதலை அளித்தது. விடுதலை மாத்திரமன்று, கட்டிலும் படுக்கையும், பெட்டியும் உடுப்பும், வேலை மேசையும் கருவிகளும், பத்து ஏக்கர் நிலமும், தொழிலுக்கு வேண்டிய மரமும் அவருக்கென்று எழுதப்பட்டிருந்தன. அதைப் படித்தபோது என் கண் நிலத்தில் நிற்கவில்லை. கட்டிலிலும் உடுப்பிலுமே நின்றது. முப்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன். கைவினையில் வல்லவன். தான் படுத்த கட்டிலும், தன் முதுகிற் கிடந்த சட்டையும்கூட வேறொருவர் எழுதிக் கொடுத்தாலன்றித் தனதாகாது என்ற நிலையில் அவன் இருந்திருக்கின்றான்.

நிக்கல்சனைப் பெருந்தன்மையாளர் என்று எழுதுவோர் உளர். அக்காலத்து எசமானர் பலர் செய்யாததை அவர் செய்தார் என்பதை நானும் மறுக்கவில்லை. விடுதலை பெற்றவனைத் தெருவில் விடாமல், பிழைக்கும் வழியோடு விட்டார். ஆயினும் தாம் உயிரோடிருந்த காலமெல்லாம் அவ்வுழைப்பைக் கூலியின்றி அனுபவித்துவிட்டு, இனித் தமக்குத் தேவையில்லை என்ற நாளிலே கொடுத்த விடுதலை அது. தயவு என்று அதை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமானால் தாமதமான கடன்தீர்ப்பு எனலாம், அதுவும் முழுக்கடனன்று.

செலர் ஊரைவிட்டுப் போகவில்லை. அந்தப் பத்து ஏக்கரில் தமக்கென்று ஒரு வாழ்வை அமைத்தார். மணம் முடித்தார். நிலத்தையும் பார்த்துக்கொண்டு, தம்முடைய சொந்தப் பட்டறையிற் சீவுளிகள் செய்தார். அலகுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. உடலும் ஆப்பும் அவருடையவை. அவற்றின் முன்முகத்திலே, 'சீ. செலர், றெந்தத்தில் வசிப்பவர்' என்று பொருள்படும் முத்திரையைப் பதித்தார். வட அமெரிக்காவில் ஆபிரிக்க வழிவந்த கருவி செய்வோருள், பெயரும் வரலாறும் ஆதாரத்தோடு தெரியவருகின்ற முதல் மனிதர் அவர். வரலாற்று நூல்களுக்கு முன்னதாக அந்தப் பெயரைக் காத்துவந்தவை அந்த மரத்துண்டுகளே.

'வசிப்பவர்' என்ற சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. இது செலரின் கற்பனையன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். நிக்கல்சனின் முத்திரையிலும் இதே அமைப்பு உண்டு. வாடிக்கையாளர் தேடி வருவதற்காக ஊரைக் குறிப்பிடும் வெறும் விலாசம்தான் அது. செலர் தாம் பழகிய வழக்கத்தைப் பின்பற்றியிருப்பார். ஆனாலும் நிக்கல்சன் என்ற குடியானவர் ஓரூரில் வசிக்கிறேன் என்று சொல்வதும், நேற்றுவரை ஒரு வீட்டின் உடைமைப் பட்டியலில் இருந்தவர் அதையே சொல்வதும் ஒன்றா? உடைமைகள் வசிப்பதில்லையே, இருக்கின்றன, அவ்வளவுதான். நான் அளவுக்கு மீறி வாசிக்கின்றேனோ என்றும் தோன்றுகிறது. தமிழ் வாத்தியார்களின் தொழில்நோய் அது. நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செலர் அடுத்து வந்த முப்பது ஆண்டுகள் அளவில் அத்தொழிலைச் செய்து 1784இல் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான், 1783இல், குவொக் வோக்கர் என்ற அடிமை மனிதரின் வழக்கில் மசாசுசெற்ஸ் உயர் நீதிமன்றம் எடுத்த நிலைப்பாட்டால் அம்மாநிலத்தில் அடிமைமுறைக்குச் சட்ட ஆதாரம் இல்லாமற் போயிற்று. தம்மைப் போன்ற பிறருக்கும் கதவு திறந்ததை அவர் தம் கடைசி ஆண்டிற் கண்டிருப்பார்.

அவருடைய சீவுளிகள் இன்றும் இருக்கின்றன. வேர்ஜீனியாவிலுள்ள கொலோனியல் வில்லியம்ஸ்பேர்க் அரும்பொருட் சேகரிப்பிலும் சேகரிப்பாளர் பலரிடமும் அவை உள்ளன. நான் அவற்றைப் படத்திலே மட்டும் கண்டவன். பழஞ்சீவுளிகளின் முன்முகத்தில், செய்தவரின் பெயரைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வேறு சில பெயர்களும் இருப்பதுண்டு. கைமாறக் கைமாற வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் தம் பெயரையும் அடித்துவிடுவார்கள். செய்தவர் ஒருவர், உடையவர்கள் நால்வர். மனிதரைச் சொத்தாக வாங்கி விற்ற ஒரு தேசத்திலே, முன்னாளிற் சொத்தாக இருந்தவரின் பெயர் கருவியின் மேல் முதலாவதாக நிற்க, அதை வாங்கியவர்களின் பெயர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டிற் சீவுளி தொழிற்சாலைப் பண்டமாயிற்று. நியூயோர்க் மாநிலத்தின் ஓபர்ன் சிறைச்சாலையிற் கைதிகளைக் கொண்டு அவற்றைச் செய்வித்தார்கள். அந்தச் சீவுளிகளின் முகத்திலும் பெயர் உண்டு, ஒப்பந்தக்காரரின் பெயர். துளை இறக்கிய கைதியின் பெயரை எவரும் அடிக்கவில்லை. 1869இல் ஸ்ரான்லி கம்பனி, லெனாட் பெய்லி என்பவரின் கண்டுபிடிப்புகளை வாங்கி இரும்புச் சீவுளிகளைப் பெருந்தொகையாக வார்க்கத் தொடங்கியது. சம்மட்டியால் தட்டித் தட்டி அலகை நீட்டிக் குறைத்த இடத்தில் ஒரு திருகாணி வந்துவிட்டது. நல்ல வசதிதான், குறை சொல்வதற்கில்லை. மரச்சீவுளி செய்வோர் ஒவ்வொருவராகப் பட்டறையைப் பூட்டினர்.

அது மீண்டும் வீட்டுப் பட்டறைக்குள் வந்த கதையில் ஜேம்ஸ் கிரெனோவ் என்பவரை விட்டுவிட முடியாது. 1920இல் சைபீரியாவின் வடகிழக்கு மூலையிற் பிறந்து, அலாஸ்காவில் வளர்ந்து, 1947இல் சுவீடனுக்குப் போனவர். அங்கே தளபாடக் கலை கற்று, தம் வீட்டின் நிலக்கீழ் அறையிலேயே பட்டறை வைத்து அலுமாரிகள் செய்தார். இரும்புச் சீவுளி அவருடைய கைக்கு ஒத்துவரவில்லை. தமக்கு வேண்டிய சிறு சீவுளிகளைத் தாமே செய்தார். இருட்டுத் துளையைக் குடைகின்ற பழைய சிரமத்தை விட்டு, கட்டையின் இரு பக்கங்களையும் வாளால் அரிந்து வேறாக்கி, நடுத்துண்டை 45 பாகைச் சாய்வில் அறுத்து, சாய்தளத்தை வெளிச்சத்தில் வைத்துச் செம்மை செய்து, பின் எல்லாவற்றையும் பசையிட்டு மீள ஒட்டிவிடும் முறையைப் பரப்பினார். குறுக்கே ஒரு தண்டு; அதன் கீழ் ஆப்பு; ஆப்பின் கீழ் அலகு. 1976இல் வெளிவந்த தமது முதல் நூலிலும் தொடர்ந்து எழுதியவற்றிலும் இந்த வாழ்வைப் பற்றிப் பேசினார். 1981இல் கலிபோர்னியாவின் போட் பிராக் நகரிற் தொடங்கிய கல்லூரி வகுப்பில், தளபாடம் செய்ய வந்த மாணவர்களை முதலிற் சீவுளி செய்ய வைத்தார். 2009இல் காலமானார்.

கனடாவிலிருக்கும் என் மைத்துனர், வாசிக்கிற மனுசனாயிற்றே என்று அவருடைய நூலொன்றை எனக்கு அனுப்பிவைத்ததிலிருந்துதான் என் கொட்டிலுக்குக் கேடு வந்தது.

இடிந்த வீடொன்றின் முதிரை நிலைக்கட்டை எனக்குக் கிடைத்தது. முதிரை எங்கள் மரங்களில் இறுக்கமானது. எத்தனை ஆண்டு அந்த நிலையில் நின்றதோ, இனி முறுகுவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. அலகைப் பழைய இரும்புக்கடையில் நிறைக்கு வாங்கிச் சாணையிட்டேன். அறுப்பு, சாய்தளம், தண்டு, ஒட்டு எல்லாம் ஒருவாறு கூடிவந்தன. வாயிலேதான் பிழைத்தேன். அலகின் நுனி வெளிவருகின்ற வாய், சீவல் நுழைய மட்டும் இடம்விட்டு ஒடுக்கமாக இருக்கவேண்டும். அலகுக்கு முன்னால் உள்ள மரவிளிம்பு பலகையை அழுத்திப் பிடித்தாற்றான் நார் பிய்ந்து எழும்பாது. அலகு தட்டுகிறதே என்று ஓரிழுப்பு, சரியாகவில்லையே என்று இன்னோர் இழுப்பாக அரத்தை இழுத்தேன். மூன்றாம் இழுப்பில் வாய் அகன்று போய்விட்டது. வேப்பம் பலகையில் வைத்துத் தள்ளினேன். சீவல் வருவதற்குப் பதிலாகச் செதில் செதிலாகப் பிய்ந்தது. மரத்திற் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். கடைசியில் வாயின் முன்னால் ஒரு சதுரத்தை வெட்டியெடுத்து, வேறொரு முதிரைத் துண்டைப் பொருத்தி ஒட்டினேன். பல் கட்டிய கிழவனைப்போல் இருக்கிறது என்றாள் மகள். ஆனால் இப்போது சீவுகிறது. அலகின் தலையிற் தட்டினால் சீவல் தடிக்கிறது. கட்டையின் பின்புறத்திற் தட்டினால் மெலிகிறது. நல்ல வேளைகளில் வருகின்ற சுருளைத் தூக்கிப் பிடித்தால் மறுபுறத்து வெளிச்சம் தெரிகின்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த ஆசாரியாரின் நினைவு வந்தது. எங்கள் வீட்டின் கதவு, யன்னல், நான் படித்த மேசை, அப்பாவின் சாய்மனைக்கதிரை எல்லாம் அவர் செய்தவை. கடைச்சீவுளி ஒன்று அவரிடம் இருந்ததை நான் காணவில்லை. அத்தனையும் அவரே செய்த மரச்சீவுளிகள். கைபட்டுக் கைபட்டுக் கறுத்து, எண்ணெய் பூசியது போல் மினுங்கும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் சூட்டுக்கோலால் சுட்ட ஒரு சிறு வட்டமும் அதன் கீழ் ஒரு கோடும் இருக்கும். எழுத்தல்ல, அடையாளம்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்துச் சனங்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. சனத்துக்குள் ஆசாரியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களோடு வந்து சேர்ந்தார். கரியரில் ஒரு சாக்கு. உள்ளே கட்டைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டது. அப்பாவும் ஆசிரியர், அவர் சும்மா இராமல், "ஆசாரியார், உந்தக் கட்டையளைக் காவுற நேரம் அரை மூட்டை அரிசியைக் கொண்டு வந்திருக்கலாமே?" என்று கேட்டார்.

"அரிசி முடிஞ்சாப் பிறகு என்ன செய்யிறது, மாஸ்ரர்?" என்றார் அவர்.

நாவற்குழிக்கு அப்பால் அவரைத் தவறவிட்டோம். பின்னர் நான் அவரைக் காணவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தபோது ஒழுங்கை முடிவிலிருந்த பட்டறை கூரையில்லாமல் நின்றது. அந்தச் சாக்கு எங்கே போயிற்றோ, அவருடைய சீவுளிகள் இன்று எவருடைய கையில் இருக்கின்றனவோ.

இந்த உரையை எழுதத் தொடங்கியபோது அவருடைய பெயரைக் குறிப்பிடலாமா, விடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகுதான் விளங்கிற்று, அந்த யோசனைக்கே இடமில்லை. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. பதின்மூன்று ஆண்டுகள் அவர் செய்த கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். அவர் செய்த மேசையிலிருந்து பாட்டுப் பாடமாக்கியிருக்கிறேன். கடல்கடந்த ஊரொன்றில் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதரின் முத்திரை வாசகம் எனக்குத் தெரியும். இவருடைய பெயர் தெரியாது.

கொழும்பிலே தங்கையோடு இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆசாரியாரை உடனே நினைவுக்கு வந்தது. அவருடைய மூத்த மகள் செத்தவீட்டில் தான் சமைத்தது, அப்பாவுக்குச் செய்த கதிரைக்கு அவர் காசு வாங்க மறுத்தது எல்லாம் சொன்னார். பெயரைக் கேட்டேன். மறுமுனையிற் சிறிது நேரம் சத்தமில்லை.

"ஆசாரியாரெண்டுதானே நாங்கள் கூப்பிடுறது," என்றார் அம்மா. "பொறு, பெரியம்மாவைக் கேட்டுப் பாக்கிறன்."